சிவப்புக்குப் பூர நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கியதும் பூசாரி பத்துமலை முதலில் தேங்காயைத்தான் எடுப்பார். காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் தளும்பினால் ஒரு தலையசைப்பு. தளும்பாவிட்டால், "இது ஆவாது லா, கடையில குடுத்து மாத்திட்டு வா" என்று தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். வந்திருப்பவர் பெரிய காரில் வந்தாரா, சைக்கிளில் வந்தாரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. வெற்றிலையைப் புரட்டிப் பார்த்து, வாழைப்பழத்தின் காம்பைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஆளின் முகத்தைப் பார்ப்பார். "பேரு, நட்சத்திரம், ராசி?" மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வரும். பதில் சொல்கிறவர்தான் திணற வேண்டும்.

சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில் இருக்கிறது அந்தத் தாமான், குடியிருப்பு. ரப்பர் மரங்கள் போன இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. ஊராட்சி மன்றம் ஏதோ ஒரு பூவின் பெயரை வைத்துப் பலகையும் நட்டிருக்கிறது. யார் அதைப் படித்தார்கள்? தபால்காரரிலிருந்து பீசா கொண்டுவருகிற பையன்வரை எல்லாருக்கும் அது இன்னும் தோட்டக் காலத்து 'மூணாம் டிவிசன்'தான். தாமானின் பின்சந்துக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் முனியாண்டி. வெள்ளிக்கிழமை மாலையும் சனி ஞாயிறும் பத்துமலை அவருக்குப் பூசாரி. மற்ற நாட்களில் மார்பிள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தாறு.

சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று சன்னதியிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார். அப்போது வலது தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவார். வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பழகிய கழுத்து, அதை என்ன செய்வது? "பீப் பீப்னு ஒரு சத்தம்தான் குறைச்சல்" என்பாள் அவர் மனைவி குமுதா. அதற்கு அவருக்குக் கோபம் வராது. "அடிபடாம வந்து சேருறேன்ல?" என்பார்.

அவரிடம் தட்டு கொடுப்பதற்கு ஈப்போவிலிருந்துகூட ஆள் வருவார்கள். மந்திரம் நிறையத் தெரியும் என்பதற்காக அல்ல. மந்திரமே தெரியாது அவருக்கு. முனியாண்டியிடம் நேராகத் தமிழில்தான் பேசுவார். ஆனால் குடும்பத்தில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பெயரும் முழுசாக, நட்சத்திரத்தோடு, வாயில் ஒன்றும் மென்று விழுங்காமல் வரும். அவசரக்காரர்கள் முணுமுணுத்தால் முறைப்பார். "ஒருத்தர் பேர உட்டுட்டா, சாமி அவுங்க வாசலத் தாண்டிப் போயிரும் லா. அப்பறம் யாரு போயிக் கூப்புடுறது?"

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பந்தாட்டப் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் அல்ல. ஒன்பது வயதில் பிடித்தது. எந்த அணி என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஜென்ம விரோதி சிவப்பு. மஞ்சள் ஆடும்போது பத்துமலை வாயே திறக்கமாட்டார், ஆனால் வலது கால் சும்மா இருக்காது. இந்த வருஷ அரையிறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் மேசைக்காலை ஓங்கி உதைத்து, கட்டை விரல் நகத்தைப் பறிகொடுத்தார். மஞ்சள் ஜெயித்துவிட்டதால் வலி மறுநாள்தான் தெரிந்தது.

அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு சிவப்பு உண்டு. குமுதாவின் தம்பி தர்மா. கிள்ளானில் எட்டு வருஷம் கொள்கலன் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன், வரும்போது மனைவி, மகள், சிவப்பு ஜெர்சி மூன்றையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது மலையிலிருந்து காய்கறி இறக்குகிறான். அடுத்த வரிசையில்தான் வீடு. மச்சானும் மச்சானும் மற்ற நாட்களில் ஒரே தட்டில் முறுக்கு தின்பார்கள், ஆட்ட நாளில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

பைத்தியம் அவ்வளவு இருந்தும் பத்துமலை ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று முனியாண்டியிடம் கேட்கக் கூடாது. தானும் கேட்கமாட்டார், மற்றவர்களுக்காகவும் கேட்கமாட்டார். "சாமி ரெஃப்ரி மாதிரி லா. ரெஃப்ரிய தனியாப் பாத்துப் பேசுனா அதுக்குப் பேரு என்னா? உள்ள தூக்கிப் போடமாட்டான்?" வேண்டுமானால் இப்படிச் சொல்வார்: பிள்ளைகள் கை முறியாமல், கால் முறியாமல் ஆடட்டும், ஆட்டம் நல்லபடியாக முடியட்டும். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இருபத்து மூன்று வருஷம் கழித்து மஞ்சள் இந்த முறை தேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே சிவப்பு. கேட்க வேண்டுமா? தாமானே இரண்டு பட்டுவிட்டது. ஈப்போவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சரளா ஒரு நாள் கோயிலுக்கு வந்து, "பூசாரி அண்ணே, சனிக்கிழம காலையில கிளப் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்" என்றாள்.

"பண்ணிரலாம். நட்சத்திரம் என்னா?"

"கிளப்புக்கு ஏதுண்ணே நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இல்லாம எந்த மஞ்சளுன்னு சாமிக்கு எப்படித் தெரியும்? ஊருல எத்தன மஞ்சள் இருக்கு!"

அவர் கேலி பேசவில்லை. சரளா கைப்பேசியில் தேடி, சங்கம் பதிவான தேதியைக் கண்டுபிடித்தாள். நேரம் வேண்டும் என்றார். நேரம் எங்கேயும் இல்லை. பத்துமலை சற்று யோசித்தார். "ஆபீசு எட்டு மணிக்குத் தொறப்பான். வரிசையில நின்னு, பாரம் எழுதி, ரப்பர் சாப்பு குத்தி வாங்க பத்து ஆயிருக்கும். பத்துன்னே போடு." பஞ்சாங்கச் செயலியில் போட்டதும் வந்தது: கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி. விஷயம் தர்மாவின் காதுக்குப் போனது. சும்மா இருப்பானா? சிவப்பு பதிவான தேதியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். பூர நட்சத்திரம், சிம்ம ராசி. "சிம்மம் மச்சான், சிம்மம்! பாத்துக்கிட்டீங்கல்ல?" என்று மூன்று நாள் அந்த வட்டாரத்தில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

சனிக்கிழமை காலையில் முதல் தட்டு சரளாவுடையது. மோட்டார் மேளம் முழங்க, மணி அடிக்க, மஞ்சளின் பெயரைச் சொல்லி, கை கால் முறியாமல் காக்கச் சொல்லி, கற்பூரம் காட்டினார். அடுத்தது தர்மாவின் தட்டு. தேங்காய் தளும்பியது. வெற்றிலை புதுசு. ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மேளத்தின் சுவிட்சைத் தர்மாவே தட்டிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான்.

பத்துமலை முனியாண்டியின் முன்னால் நின்று வாயைத் திறந்தார். "கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி" என்று வந்தது. பின்னாலேயே மஞ்சளின் பெயரும் வந்துவிட்டது. சற்றுமுன் சொன்னது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்குப் புரள்வது யாருக்கும் நடக்கும். "தப்பாயிருச்சு சாமி" என்று மறுபடி சொல்லியிருந்தால் தீர்ந்தது. பத்துமலை மறுபடி சொல்லவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று தெரிந்தது. இருபத்து மூன்று வருஷம், இரண்டு தட்டும் நம்ம பேருக்கே போகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்லிவிடுகிறேன், அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. கற்பூரத்தைக் காட்டி, தட்டைத் தர்மாவின் கையில் கொடுத்தார். தர்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

மத்தியானம் குமுதா போட்ட சோறு அப்படியே இருந்தது. "என்னாங்க, மீன் புடிக்கலயா?" என்றாள். "மேச்சு இருக்குல்ல, வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். அவள் நம்பிவிட்டாள். ஆட்ட நாளில் அவருக்கு எப்போதுமே வயிறு ஒரு மாதிரிதான்.

பொது மண்டபத்தில் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி ஆட்டத்தைக் காட்டினார்கள். இடது பக்கம் மஞ்சள், வலது பக்கம் சிவப்பு, நடுவில் ஆள் நடக்க ஒரு வழி. இரவு எட்டே காலுக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் அரை மணி நேரம் பத்துமலையின் வலது கால் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சிவப்பில் எட்டாம் எண் ஆட்டக்காரன் ஒருத்தன், வெளிநாட்டுப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். மஞ்சளின் மூன்று பேரை ஏய்த்துவிட்டுப் போனான். பத்துமலையே வாய்க்குள் "ஆடுறான்டா" என்றார்.

முப்பத்தோராவது நிமிஷம் அந்தப் பையன் தலையால் பந்தை முட்ட எம்பினான். பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் தொடவில்லை. இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. புல்லில் விழுந்து, காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். கேமரா கிட்டே போய் அவன் முகத்தையே காட்டியது. மண்டபத்தின் இடது பக்கத்தில் யாரோ ஒருத்தன் கைதட்டினான். வேறு யாரோ "டேய், சும்மா இரு" என்று அதட்டினார்கள். பையனைத் தூக்குப்படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்துமலையின் கால் நின்றுவிட்டது.

யாராவது இடித்துத் தள்ளியிருந்தால் அவர் மனசு ஆறியிருக்கும். ரெஃப்ரியைத் திட்டியிருக்கலாம், மஞ்சளின் தடுப்பாட்டக்காரனைத் திட்டியிருக்கலாம். தொட ஆளில்லாமல் ஒருத்தன் விழுந்தால் யாரைத் திட்டுவது? காலையில் மஞ்சளுக்கு இரண்டு தடவை காவல் கேட்டார். சிவப்புக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தப் பையனின் வாசலைத் தாண்டிச் சாமியைப் போகச் சொன்னது நாம்தானே என்று அவருக்குத் தோன்றியது.

நாற்பதாவது நிமிஷம் மஞ்சள் கோல் போட்டது. மண்டபத்தின் கூரை பறந்துவிடும்போல ஒரு கூச்சல். நாற்காலிகள் சரிந்தன. இருபத்து மூன்று வருஷம் காத்திருந்த மனுஷன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பூசாரி அண்ணே! கோலு! கோலு போட்டுட்டாங்கண்ணே!" என்று சரளா தோளைப் பிடித்து உலுக்கினாள். "ம்" என்றார்.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் தர்மாவைத் தேடினார். அவன் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தர்மா, காலையில உன் தட்டுக்கு நான் பேர மாத்திச் சொல்லிட்டேன்."

தர்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "ஒரு கோலு போட்டதுக்கே இப்படி வெறுப்பேத்துறீங்களே மச்சான்."

"இல்லடா. சத்தியமா. உன் தட்டுலயும் மஞ்சள் பேரத்தான் சொன்னேன். வாய் தவறித்தான் வந்துச்சு. ஆனா தெரிஞ்சே உட்டுட்டேன்."

தர்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மண்டபத்துக்குள் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தபின் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"வேற யாராச்சும் செஞ்சிருந்தா பரவால்ல மச்சான். நீங்களா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒங்க கையிலதான் தட்டக் குடுத்தேன். என் மவ பரீட்சைக்கு ஒங்க கையிலதான் குடுத்தேன். அப்பெல்லாம் என்னா சொன்னீங்களோ, யாருக்குத் தெரியும்? இனிமே நான் எத நம்புறது?"

பத்துமலைக்குப் பந்தாட்டம், கிண்ணம், இருபத்து மூன்று வருஷம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அம்மாவுக்குச் சொன்னது ஒழுங்காகத்தான் சொன்னார், மகளுக்கும் ஒழுங்காகத்தான். இனி அதை எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் இவன் ஏன் நம்ப வேண்டும்?

"வா, மறுபடி பண்ணுவோம்" என்றார்.

"ரெண்டாம் பாதி தொடங்கப்போவுது."

"எனக்கும்தான்டா தொடங்கப்போவுது. வா."

வீட்டில் குமுதா மறுநாள் நாசி லெமாக் சோறாக்க வைத்திருந்த தேங்காய்தான் கிடைத்தது. "ஏங்க, இந்நேரத்துல எதுக்கு?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கூடையிலிருந்து இரண்டு பழத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தார். வெற்றிலை இல்லை. பூ இல்லை. கோயில் வாசலில் மஞ்சள் ஜெர்சியைக் கழற்றிக் கம்பியில் போட்டார். குழாயைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு உள்ளே போனார். தேங்காயை ஆட்டிப் பார்க்கவில்லை.

தர்மா பழக்கத்தில் மேளச் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

"மேளத்தப் போடாத. நான் சொல்றது ஒனக்குக் கேக்கணும்."

தர்மா கையை எடுத்துக்கொண்டான். பத்துமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "பூர நட்சத்திரம், சிம்ம ராசி" என்று தொடங்கி, சிவப்பின் பெயரை, பின்சந்தில் நடந்துபோன சீனக் கிழவர் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னார். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை சொன்னார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அந்த எட்டாம் நம்பரு பேரு என்னா?"

தர்மா சொன்னான். நீளமான பெயர். பத்துமலை இரண்டு முறை முயன்று பார்த்தார், நாக்குக்குப் பிடிபடவில்லை. இன்று நாக்கை நம்புவதாகவும் அவர் இல்லை.

"நட்சத்திரம்?"

"அவன் எந்த ஊர்க்காரனோ மச்சான். அங்க இப்ப பகலோ என்னமோ. நான் எங்க போயித் தேடுறது?"

"சரி உடு. எட்டாம் நம்பருன்னே சொல்றேன்." கையைக் கூப்பினார். "அய்யா, எட்டாம் நம்பரு. ஒருத்தி பெத்த புள்ள, பொழைக்க வந்த எடத்துல விழுந்து கெடக்கு. தப்பு பண்ணுனது நான். என்னைய என்னா வேணுமோ செய்யி. அந்தக் கால மட்டும் குடுத்துரு."

கற்பூரத்தை ஏற்றினார். தட்டைச் சுற்றத் தொடங்கினபோது மண்டபத்திலிருந்து பெரும் சத்தம் எழும்பியது. கோல். எந்தப் பக்கம்? ஊளையா, கொண்டாட்டமா, ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தர்மாவின் உடம்பு பாதி திரும்பிவிட்டது. பத்துமலையின் வலது கால் கல்தரையில் ஒரு தடவை துடித்தது. ஆனால் கை நிற்கவில்லை. தட்டு முழு வட்டமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றி, கற்பூரம் தானாக அணைந்தபிறகுதான் நின்றது. தோளுக்கு மேலே பார்த்தபடி பின்னால் நடந்து வந்து தட்டைத் தர்மாவிடம் கொடுத்தார்.

தர்மா அதை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசியை எடுத்தான். எடுத்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"யாரு?" என்றார் பத்துமலை.

"நாங்க." அவனுக்குச் சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, மச்சான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. "ஒண்ணுக்கு ஒண்ணு, மச்சான்."

பத்துமலை கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். வலித்தது. வலிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய்.

"கால்?" என்றார்.

"என்னா?"

"அந்தப் பையன் காலுடா. கால் எப்படி இருக்கு?"

தர்மா திரையை அவர் பக்கம் திருப்பினான். சிவப்பு ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு படம் ஓரத்துப் பெஞ்சுக்குப் போனது. அங்கே எட்டாம் எண், முழங்காலில் பெரிய ஐஸ் பை கட்டி, பக்கத்தில் நின்றவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தான். வாய் காதுவரை சிரிப்பு.

"நிறுத்து, நிறுத்து" என்றார் பத்துமலை. தர்மா தொட்டான். படம் அப்படியே நின்றது. பத்துமலை வாசற்படியில் இருந்த விபூதிக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கைப்பேசியைத் தாங்கியிருந்த தர்மாவின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி இடம் பார்த்து, அந்தப் பையனின் முழங்காலின் மேல் விரல் நுனியால் மெதுவாகப் பூசிவிட்டார்.